மூன்று விரலுக்கு ஒரு தூண்டில்

என் அண்ணன் கஜபதி பாரிவாக்கத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு அங்கே ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. தண்ணீர் இருந்த வருடம் நெல், இல்லாத வருடம் கீரை. அண்ணனுக்கு இரண்டிலும் மனம் ஒட்டவில்லை. எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் தவறிய மறுவாரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டுக்குப் போனார். தெருத் தெருவாக நுழைந்து ஆள் வேண்டுமா என்று கேட்டு, மூன்றாம் நாள் ஒரு பிரஸ் ஷாப்பில் சேர்ந்துவிட்டார். தகட்டை உள்ளே கொடுத்தால் வாஷராகவும் பிராக்கெட்டாகவும் வெட்டித் தள்ளுகிற கம்பெனி. அது 1976. நாலு வருடத்தில் பெரிய பிரஸ்ஸுக்கு ஆபரேட்டர் ஆனார். மண்ணூர்பேட்டையில் வீடு பிடித்தார், கஸ்தூரி அண்ணியைக் கட்டினார், எட்டாவதோடு நின்று வீட்டில் இருந்த தங்கை என்னையும் அழைத்துக்கொண்டார். நான் பக்கத்துத் தெருவில் மோட்டார் ரீவைண்டிங் கடையில் காயில் சுற்றும் வேலைக்குப் போனேன். எரிந்துபோன மோட்டாரின் பழைய செம்புக் கம்பியைப் பிடுங்கி எடுத்துவிட்டு, அதே கணக்கில் புதுக் கம்பி சுற்றிக் கட்டி வார்னிஷ் போட வேண்டும். பேச வேண்டிய அவசியமில்லாத வேலை. எனக்குப் பிடித்திருந்தது.

அண்ணனுக்குக் கடல் பழக்கமானது எண்பத்து நான்கில். அவரோடு வேலை பார்த்த பாஸ்கரன் எண்ணூர்க்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் அண்ணனைத் தம் ஊர்க் கடற்கரைக்குக் கூட்டிப்போய், மணலில் நின்றபடியே அலைக்கு அப்பால் தூண்டில் வீசுவதைக் காட்டினார். நீளமான ராடு, அதன் அடியில் நரம்பு சுற்றும் ரீல், அந்த நைலான் நரம்பின் நுனியில் ஈயக் குண்டும் தூண்டில் முள்ளும். அலை உடைகிற இடத்தைத் தாண்டிக் குண்டு விழுந்தால்தான் மீன். அதற்குள் விழுந்தால் பாசியும் மணலும். அண்ணன் அன்று முகமெல்லாம் கறுத்து, நாலு கிழங்கான் மீனோடு வந்தார்.

அண்ணி அந்த நாலு மீனையும் முறத்தில் போட்டுப் பார்த்தார்.

"இன்னாய்யா இது? மார்க்கெட்ல இதே காசுக்குக் கூடை மீன் கெடைக்கும். நீ ரெயிலுக்கும் டீக்கும் அழுதுட்டு நாலு மீன் கொண்ணாந்துகீறே."

"மார்க்கெட் மீனு என் கையப் புட்சி இழுக்குமாடி?" என்றார் அண்ணன்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் எண்ணூர்தான். ராடு பாஸ்கரனுடையது, அவரிடம் இரண்டு இருந்தன. ஆனால் ரீல் அண்ணனின் சொந்தம். எண்பத்தாறு தீபாவளி போனஸில் பர்மா பஜாரில் பேரம் பேசி வாங்கிய ஜப்பான் ரீல். மாதம் ஒருமுறை அதைச் செய்தித்தாள் மேல் பிரித்துப் போட்டு, மிஷின் ஆயில் விட்டு, திரும்பப் பூட்டுவார். அந்த நேரத்தில் யாரும் தும்மக்கூடக் கூடாது. வாரம் ஆறு நாள் பிரஸ் சத்தத்தில் நின்றவருக்கு ஏழாவது நாள் அந்த ரீலில் இருந்தது.

எண்பத்தொன்பது ஆடியில் விபத்து நடந்தது. அவர் ஓட்டிய பிரஸ்ஸை இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் இயக்க முடியும். கை உள்ளே போகாமலிருக்க அந்த ஏற்பாடு. வேலை வேகமாக நடக்கட்டும் என்று ஒரு பட்டனில் குச்சி செருகிவைப்பது வழக்கம். அன்று குச்சியைச் செருகியது தாமேதான் என்று அண்ணன் எல்லாரிடமும் சொன்னார். வேறு யார் மேலும் பழி போடவில்லை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போயின. கட்டை விரல், மோதிர விரல், சுண்டு விரல், இந்த மூன்றும் மிஞ்சின. நாலு மாதம் கழித்து கம்பெனி அவரைப் பேக்கிங் பக்கம் போட்டது. அட்டைப் பெட்டி மடிப்பது, கணக்கு எழுதுவது. அவர் குறை சொல்லவில்லை. வலது கையை மட்டும் எப்போதும் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

கார்த்திகையில் மழை விட்ட ஒரு ஞாயிறு அவர் மறுபடி எண்ணூர் போனார். என்ன நடந்தது என்பதைப் பாஸ்கரன் மறுநாள் வீட்டுக்கு வந்து அண்ணியிடம் சொன்னார். நான் கதவோரம் நின்று கேட்டேன். வீசும்போது நரம்பை ஆள்காட்டி விரலால் பிடித்திருந்து சரியான கணத்தில் விட வேண்டும். அண்ணன் மோதிர விரலால் பிடித்துப் பார்த்தார். முதல் தடவை குண்டு பக்கவாட்டில் போனது. இரண்டாம் தடவை காலடியில் விழுந்தது. மூன்றாம் தடவை ராடே கையைவிட்டு நழுவித் தண்ணீரில் போய் விழ, பாஸ்கரன் ஓடிப்போய் எடுத்து வந்தார்.

அண்ணன் உள்ளே இருந்து வந்து உட்கார்ந்தார். பாஸ்கரன் தொண்டையைச் செருமினார்.

"அண்ணாத்தே, தப்பா நெனச்சிக்காதே. ரீலு சும்மா தூங்கினுதானே கீது. எனக்குக் குடுத்துரேன். என் ரீலு பல்லு தேஞ்சி போச்சி."

அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் கையமர்த்தினார்.

"தை கடேசி ஞாயித்துக்கெழம வரைக்கும் பொறு. அன்னிக்கு நான் அலையத் தாண்டிப் போடலைன்னா, நானே என் கையால உனக்குக் குடுத்துர்றேன். பேச்சு பேச்சுதான்."

"அதுக்கில்ல அண்ணாத்தே..."

"போய் டீ சாப்புட்டு ஊட்டுக்குக் கெளம்பு."

சொன்னால் சொன்னதுதான் அவருக்கு. ரீல் போனால் அவருடைய ஞாயிற்றுக்கிழமையும் அதோடு போய்விடும் என்று எனக்குத் தெரிந்தது. அண்ணிக்கும் தெரிந்திருக்கும். அன்று அவர் மீனைப் பற்றிக் கிண்டல் செய்யவில்லை.

மார்கழியில் ஒருநாள் மொட்டைமாடியில் அண்ணி வடகம் காயப்போட்டிருந்தார். காக்கை இறங்கியது. அங்கே நின்றிருந்த அண்ணன் குனிந்து ஒரு ஜல்லியை எடுத்து எறிந்தார். காக்கை தப்பித்தது. ஜல்லி மூன்று வீடு தள்ளி இருந்த தண்ணீர்த் தொட்டியில் போய் 'டங்' என்றது. அவர் எறிந்தது இடது கையால். விபத்துக்குப் பிறகு குவளை பிடிப்பதும் சட்டைப் பொத்தான் போடுவதும் இடது கைக்கு வந்திருந்ததை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அந்தக் கைக்கு இவ்வளவு வீச்சு வந்திருப்பதை அவரே கவனிக்கவில்லை.

சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. அவர் தனியாகச் சாப்பிடும்போது சொன்னேன்.

"அண்ணா, லெஃப்ட் கை மேல, ரைட் கை கீழ வச்சி வீசிப் பாரேன். நரம்ப லெஃப்ட் கை விரல்ல புடி."

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"கீழ் கைதான் இழுக்கணும் பூங்காவனம். ராடோட அடி கட்டை விரல் மொத்தந்தான். மூணு விரல்ல நிக்காது, வயிக்கினு பூடும். அன்னிக்கி அப்டித்தான் போச்சி." மறுபடி பிசையத் தொடங்கினார். "என் கைக்கு ஏத்த ராடு கடையில கெடைக்காது. செஞ்சாத்தான் உண்டு."

அன்றைக்கே அண்ணியிடம் பேசினார். பர்மா பஜாரில் நல்ல ராடு எண்ணூறு ரூபாய். அண்ணி நூற்றைம்பது கொடுத்தார்.

"இதுக்கு மேல ஒரு பைசா கேட்டே, ராடால உன்னையே அடிப்பேன்."

"செஞ்சப்புறம் அடி. ஒடியாம கீதான்னு பாத்துக்கலாம்."

எஸ்டேட்டில் எதற்கும் ஓர் ஆள் இருப்பார். இரண்டு தெரு தள்ளி ஃபைபர் கிளாஸ் குழாய் செய்யும் சின்ன கம்பெனி ஒன்று இருந்தது. அங்கே வேலை செய்த வீரராகவன் அண்ணனுக்கு ஸ்கூல் சிநேகிதர். முதலாளியிடம் கேட்டு, நிறம் சரியில்லை என்று ஒதுக்கிய ஆறடிக் குழாய் ஒன்றையும், வயர்லெஸ் கம்பத்துக்காகச் செய்து நீளம் குறைந்துபோன ஐந்தடிக் குச்சி ஒன்றையும் நாற்பது ரூபாய்க்கு வாங்கித் தந்தார். குச்சி அடியில் தடித்து நுனியில் சாட்டை மாதிரி மெலிந்திருந்தது.

"மச்சான், இத வச்சி இன்னா பண்ணப் போற? கொடி ஏத்தப் போறியா?"

"ஆமா, எண்ணூர்ல. நீயும் வந்து சல்யூட் அடி."

குச்சியின் தடித்த முனையில் நான் துணி நாடாவைச் சுற்றிப் பசை ஏற்றினேன். அது காய்ந்ததும் அண்ணன் உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துக் குழாய்க்குள் இறுக்கமாக இறங்கும்படி செய்தார். ரயிலில் கொண்டுபோக இரண்டு துண்டு, சேர்த்தால் ஏறக்குறைய பதினோரு அடி. ரீல் உட்காரும் இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றி, ரப்பர் குழாய்க்குப் போடும் ஹோஸ் கிளிப் இரண்டை வைத்து முடுக்கினார். அந்த இடத்தை முடிவு செய்யத் தினமும் மாடியில் நின்று, கையை விரித்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுப் பார்த்தார். ஐந்து நாளில் ஐந்து கோடு. நடுக்கோட்டில் நின்றது.

பிறகு கைப்பிடி. ராடின் அடியில் டியூபும் நாடாவும் சுற்றிப் பருமனாக்கினேன். அதன் மேல் தண்ணீர்க் குழாய் ஒழுகலை அடைக்கும் எம்-சீல் மாவைப் பிசைந்து அப்பினேன். நான் கேட்பதற்கு முன்பே அண்ணன் பையிலிருந்து வலது கையை எடுத்து நீட்டினார். ஒட்டாமலிருக்க அதில் தேங்காய் எண்ணெய் தடவினேன். அவ்வளவு கிட்டத்தில் அந்தக் கையை அதுவரை நான் பார்த்ததில்லை. வெட்டுப்பட்ட இடம் வழவழவென்று இருந்தது.

"கூசுதா?"

"உன் எண்ணெதான் கூசுது. புடிக்கட்டா?"

ஈர மாவை மூன்று விரலாலும் அழுத்திப் பிடித்தார். கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார். கையை எடுத்தபோது மூன்று பள்ளம் விழுந்திருந்தது. கடைசியில் சுண்டு விரல் தாண்டி நழுவாமலிருக்க ஒரு விளிம்பு கட்டினேன். காய்ந்ததும் அண்ணன் பிடித்து இழுத்துப் பார்த்தார். என்னையும் வீரராகவனையும் மறுமுனையில் பிடித்து இழுக்கச் சொன்னார். இரண்டு பேர் இழுத்தும் அந்தப் பிடி விடவில்லை.

நரம்பு ஓடுவதற்கு வளையங்கள் வேண்டும். ஸ்பிரிங் கம்பெனியில் வெட்டிப்போட்ட துருப்பிடிக்காத கம்பித் துண்டுகளை வாங்கி, வெவ்வேறு பருமனுள்ள குழாய்களில் இரண்டு சுற்றுச் சுற்றி வளையமாக்கினோம். ரீலுக்குக் கிட்டே இருப்பது பெரியது, நுனிக்குப் போகப் போகச் சின்னது. மொத்தம் ஐந்து. அவற்றின் கால்களை அண்ணன் அரத்தால் தகடு போல் மெலிசாக்கினார். நான் அந்தக் கால்களை ராடின் மேல் வைத்து நைலான் நூலால் சுற்றிக் கட்டினேன். இது என் வேலை. ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இடையில் மயிரிழை போகாது. மோட்டார் வார்னிஷ் பூசி, இருநூறு வாட் பல்பைக் கிட்டே பிடித்து ஒவ்வொன்றாகக் காயவைத்தேன். தேன் நிறத்தில் பளபளவென்று வந்தது. ஐந்து வளையத்தையும் இஞ்ச் டேப் வைத்து அளந்து சம தூரத்தில் கட்டியிருந்தேன். காயில் சுற்றுகிறவளுக்கு இடைவெளி சமமாக இருந்தால்தான் மனம் ஒப்பும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் மோட்டார் உறுமும், சூடாகும், எரியும். ஆறு வருடமாகக் கை அதற்கே பழகியிருந்தது. வேறு மாதிரி இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

தை கடைசி ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளி மாலை, நரம்பைக் கோர்த்து நுனியை அடிபம்பின் கைப்பிடியில் கட்டினோம். அண்ணன் ராடைத் தூக்கி இழுத்தார். பம்பின் கைப்பிடி மேலே எழும்பியது. அண்ணிகூடச் சிரித்துவிட்டார்.

"அட, தண்ணி அடிக்கவும் ஆவும் போலக் கீதே!"

நான் சிரிக்கவில்லை. அடிப்பக்கம் நேராக இருந்தது. மேல் குச்சி மட்டும் கொக்கி போல வளைந்திருந்தது. அந்த வளைவில் இரண்டு வளையம்தான் இருந்தது. நரம்பு வளைவோடு போகாமல், வில்லுக்கு நாண் கட்டியதுபோல் குறுக்கே வெட்டிக்கொண்டு ஓடியது. ஓரிடத்தில் குச்சியின் உடம்பிலேயே உரசியது. பாரம் முழுக்க இரண்டு இடத்தில் மட்டும் ஏறுகிறது. ஈயக் குண்டோடு வேகமாக வீசினால் அங்கேதான் ஒடியும்.

"அண்ணா, எறக்கு."

"இன்னா?"

"வேலையெல்லாம் நுனியில நடக்குது. ஆளெல்லாம் இங்க நிக்கிறாங்க. வளையத்த நான் சமமாக் கட்டிட்டேன். தப்பு."

அவர் ராடை இறக்கி, வளையக் கட்டுகளைத் தடவினார்.

"இவ்ளோ அழகா கீது. நாளன்னிக்கி ஒரு நாள் தாங்காதா? அப்பறமா மாத்திக்கலாம்."

"அந்த ஒரு நாள்தானே வேணும்?"

அண்ணன் ராடை என்னிடம் நீட்டினார். நான் பிளேடை எடுத்துவந்து மூன்று வளையத்தின் கட்டுகளை அறுத்தேன். வார்னிஷ் காய்ந்த நூல், மாம்பழத் தோல் போல் உரிந்து வந்தது. எரிந்த மோட்டாரைப் பிரிக்கும்போது எப்படியோ அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை கடைக்கு லீவு சொன்னேன். அண்ணன் விடிந்ததும் இன்னும் இரண்டு சின்ன வளையம் செய்து கொடுத்துவிட்டு வேலைக்குப் போனார். இந்த முறை இஞ்ச் டேப்பை எடுக்கவே இல்லை. வளையங்களை மோட்டார் கடை இன்சுலேஷன் டேப்பால் லேசாக ஒட்டினேன். அண்ணியை ராடைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னேன். நரம்பு எங்கே ராடைவிட்டு அதிகம் விலகுகிறதோ அங்கே ஒரு வளையத்தை நகர்த்தினேன். மறுபடி தூக்கச் சொன்னேன்.

"இன்னும் எத்தினி தபா தூக்கணும்டி? அடுப்புல கொழம்பு கீது."

"இன்னும் ஒருவாட்டி அண்ணி."

"இதத்தான் காலையிலேர்ந்து சொல்லினு கீறே."

பதினைந்து தடவையாவது தூக்கியிருப்பார். குழம்பு அடிப்பிடித்தது. கடைசியில் நுனிப்பக்கம் வளையங்கள் நெருங்கியும் அடிப்பக்கம் விலகியும் நின்றன. என் கண்ணுக்கு அது அலங்கோலமாகத் தெரிந்தது. ஆனால் இழுத்தபோது நரம்பு ராடின் வளைவிலேயே படிந்து ஓடியது. மத்தியானத்துக்குள் கட்டி, வார்னிஷ் பூசி, பல்பு வைத்து, மாலை வெயிலில் மாடியில் சாய்த்துவைத்தேன். அண்ணன் வேலை முடிந்து வந்து பார்த்தார். நுனியிலிருந்து ஒவ்வொரு வளையமாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ரீலைப் பூட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணியும் நானும் அவரோடு கிளம்பினோம். இதுவரை நாங்கள் போனதில்லை. பேசின் பிரிட்ஜில் இறங்கி கும்மிடிப்பூண்டி வண்டி பிடித்து எண்ணூர் போய்ச் சேர்ந்தபோது எட்டு மணி. பாஸ்கரன் மணலில் காத்திருந்தார். ராடைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்.

"இன்னா அண்ணாத்தே, பாதி கொழாய், பாதி சாட்டை. இதுல வளையம் வேற ஒண்ணுமேல ஒண்ணு ஏறினு கீது."

"பேசாம தள்ளி நில்லு. குண்டு தலையில பட்டா நான் பொறுப்பில்ல."

அலை பெரிதாக இல்லை. ஆனால் நீளமாக வந்து, கரையிலிருந்து வெகுதூரம் தள்ளித்தான் உடைந்தது. அண்ணன் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். இடது கை ரீலில், நரம்பு இடது ஆள்காட்டி விரலில், வலது கை அடியில் மூன்று பள்ளத்துக்குள். உடம்பைத் திருப்பி வீசினார். விரல் சீக்கிரம் விட்டுவிட்டது. குண்டு மேலே மேலே போய் அலைக்கு இப்பால் பொத்தென்று விழுந்தது.

இரண்டாம் தடவை விரல் தாமதித்தது. குண்டு பத்தடி தூரத்தில் தண்ணீரை அறைந்தது. எங்கள் மேலெல்லாம் தெறித்தது.

"அண்ணாத்தே, ரீலுக்கு உறை தெச்சி வச்சிகீறேன்" என்றார் பாஸ்கரன்.

"யோவ்" என்றார் அண்ணி. பாஸ்கரன் வாயை மூடினார்.

நான் அண்ணனின் வலது கையைத்தான் பார்த்தேன். இரண்டு வீச்சிலும் அது இம்மிகூட நகரவில்லை. ராடும் முழுக்க வளைந்து நிமிர்ந்தது. தப்பு விரலில் மட்டும்தான். விரலுக்குப் பழக வேண்டும், அவ்வளவுதான். அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததால், என் சுபாவத்துக்கு மாறாகச் சத்தமாகக் கத்திவிட்டேன்.

"அண்ணா, கல்லு எறியற மாதிரி!"

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நரம்பைச் சுற்றி இழுத்தார். ஈயக் குண்டைத் தொங்கவிட்டார். ஒரு அலை வந்து உடைந்து, நுரை காலைச் சுற்றிப் பின்வாங்கும்வரை காத்திருந்தார். வலது கை அடியை இழுத்தது, இடது கை தள்ளியது. வளையங்கள் வழியாக நரம்பு ஓடிய சத்தம் எங்களுக்குக் கேட்டது, புதுப் புடவையைக் கிழிப்பதுபோல் ஒரே நீளச் சத்தம். குண்டு எங்கே விழுந்தது என்று எனக்குத் தெரியவில்லை. உடையும் அலைக்கு அப்பால், தண்ணீர் வெறும் பச்சையாக இருந்த இடத்தில், சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி எழும்பி அடங்கியது.

பாஸ்கரன் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்தார்.

"தாண்டிச்சி" என்றார்.

"கேக்கல" என்றார் அண்ணன்.

"தாண்டிச்சிய்யா! நான் போடறதவிடவும் தாண்டிதான் போய்கீது. போதுமா?"

அண்ணன் தளர்ந்த நரம்பைச் சுற்றினார். வலது கை மேலே வந்து, கட்டை விரலாலும் மோதிர விரலாலும் ரீலின் கைப்பிடியைப் பிடித்துச் சுழற்றியது. இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்த கடற்கரை. அந்தக் கையைப் பைக்குள் போட அவருக்கு நேரமில்லை.

"ரீலு வேற எடத்துல பாரு பாஸ்கரா" என்றார். "இது வேலைல கீது."

பதினோரு மணிக்கு அண்ணி புளிசாதத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு கூப்பிட்டார். அண்ணன் வரவில்லை. வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றார். அதுவரை ஒரு மீன்கூட விழவில்லை. அப்போது ராடின் நுனி மெல்ல இரண்டு முறை தலையாட்டியது. "இருடி, வரேன்" என்று திரும்பாமலேயே சொல்லிவிட்டு, ராடை நிமிர்த்தினார்.